நாகவள்ளி பிளக்கைத் தொடாத நான்கு நாட்கள்

ஜூலை பிறந்துவிட்டால் அமீரகத்தின் புஜைராவில் முதலாளியம்மா உம்மு ஹானியின் வீட்டு மாடியிலிருந்து பெட்டிகள் கீழே இறங்கும். வெயிலுக்குத் தப்பி வீடே ஐரோப்பாவுக்குக் கிளம்பும். கூடவே நாகவள்ளியும் போக வேண்டும். அவர்களுக்கு அது சுற்றுலா. அவளுக்கு அதே சமையல், அதே துணி, வேறு ஊர் அடுப்பு.

நாகவள்ளி கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துக்காரி. வயது நாற்பத்திரண்டு. கணவர் வேலுச்சாமி சரக்கு வேன் ஓட்டுகிறார், மகள் அருணா பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். இந்த வீட்டுக்கு வீட்டுவேலைக்கென்று வந்து நான்கு வருஷம் ஆகிறது. வந்த முதல் வாரத்தில் எல்லோரும் அவளை 'நாகா' என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதெல்லாம் பையன் ஹானி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஏன் சிரிக்கிறான் என்று டிரைவர் ஐயப்பனைக் கேட்டாள். அவர் ராமநாதபுரத்துக்காரர், அந்த வீட்டில் பதினோரு வருஷமாக இருப்பவர்.

"இவுக பேச்சுல நாகான்னா பொட்டை ஒட்டகம், தங்கச்சி," என்றார் ஐயப்பன்.

மறுநாள் காலை காபித் தட்டை மேசையில் வைத்த கையோடு உம்மு ஹானியின் எதிரில் நின்றாள். "என் பேர் நாகவள்ளி, மேடம். முழுசாக் கூப்பிடுங்க. கூப்பிட வரலைன்னா கையைத் தட்டுங்க, வர்றேன்."

உம்மு ஹானி ஏற இறங்கப் பார்த்தாள். கை தட்டவில்லை. 'நாகவல்லி' என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அவள் நாக்குக்கு ள வராது, அவ்வளவுதான்.

அவள் வந்த நாலாவது வருஷம் சுவிட்சர்லாந்து. அதற்கு முந்தின வருஷம் ஜெர்மனிக்குப் போனபோது வாங்கிய அடாப்டர்கள் ஆறு, ஒரு துணிப்பையில் கிடந்தன. அமீரகத்து பிளக்குக்குச் சதுரமான மூன்று கால். ஐரோப்பாவில் உருண்டைக் கால். நாகவள்ளி பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, புறப்படுவதற்கு முந்தின வாரம் ஐயப்பனோடு கடைக்குப் போனாள். சுவிஸுக்கு வேறு மாதிரி என்று போனில் படித்திருந்தாள். அங்கே துளை மூன்று, அதுவும் அறுகோணக் குழிக்குள்ளே இருக்கும், ஜெர்மனிக்காரர்களின் தடித்த கால் அதில் இறங்காது.

கடைக்காரர் சிரித்தார். "ஐரோப்பான்னா எல்லாம் ஒண்ணுதான், பெஹன். ஒல்லிக் கால் வெச்சது ஒண்ணு இருக்கு, எந்த ஊர் பிளக்கும் அதுல ஏறும், வேணும்னா எடுத்துக்கோ."

ஒல்லிக் கால் இரண்டு உள்ள அந்த ஒன்றையும் வாங்கி வந்தாள். வேறு வழி இல்லை. மலிவுச் சரக்கு. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை.

இதெல்லாம் ஒரு வீட்டுவேலைக்காரிக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், அதற்கு ஆவாரம்பாளையத்துக்குத்தான் போக வேண்டும். பம்ப்செட் மோட்டார் செய்யும் ஒரு பட்டறையில் ஒன்பது வருஷம் நாகவள்ளி 'காயில்' என்கிற கம்பிச்சுருள் சுற்றினாள். மோட்டாரின் இரும்பு வளையமான ஸ்டேட்டருக்குள் ஒவ்வொரு பள்ளமாகக் கம்பியை இறக்கி, மூங்கில் சிம்பால் தள்ளி, நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றுகிற வேலை. புது மோட்டாரைவிட எரிந்த மோட்டார்தான் அதிகம் வரும். கிராமத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கிக் காயில் கருகிவிடும், மோட்டாரைக் கயிற்றில் கட்டிச் சுமந்து வருவார்கள். எந்த மோட்டார் எதனால் எரிந்தது என்பதைக் கருகலின் வாசனையிலேயே அவள் சொல்லிவிடுவாள். பட்டறை மூடிய வருஷம்தான் விசாவுக்கு ஏஜென்டிடம் போனாள். ஏஜென்டின் தாளில் 'அனுபவம்' என்ற கட்டத்தில் 'சமையல், துணி துவைத்தல்' என்று அவனாகவே எழுதிக்கொண்டான். அவளைக் கேட்கவில்லை.

இன்டர்லாகனில் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவள் நினைத்தபடியே ஆயிற்று. ஆறு அடாப்டரில் ஒன்றுகூடக் குழிக்குள் இறங்கவில்லை. ஒல்லிக் கால் மட்டும் இறங்கியது, ஆனால் அதை நம்பாமல் ஒதுக்கி வைத்தாள். ஹானி தடித்த காலை வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டுக் கோபத்தில் எறிந்தான். நாகவள்ளி மறுநாள் ரயிலடிக்குப் பக்கத்துக் கடைக்குப் போய், சதுரக் கால் பிளக்கைக் கையில் காட்டி, சுவருக்குள் போகிற குழியைச் சைகையில் காட்டி, அந்த ஊருக்கென்றே செய்த அடாப்டர் மூன்று வாங்கி வந்தாள். மூன்று காலும் கிண்ணென்று பொருந்தின. அயர்ன் பாக்ஸும் அரபுக் காபி போடும் கஹ்வா மெஷினும் அவற்றில் ஓடின. அங்கேயும் இருநூற்று முப்பது வோல்ட், இங்கேயும் அதுவே. ஆகவே காலின் வடிவம் மட்டும் மாறினால் போதும், வேறு கவலை இல்லை.

கவலை வந்தது மகள் ரீமின் பெட்டியிலிருந்து. ரீமுக்கு இருபது வயது. அமெரிக்காவில் படிக்கிறவள், விடுமுறைக்கு நேரே அங்கிருந்தே வந்து சேர்ந்திருந்தாள். அவள் துணிகளை அலமாரியில் அடுக்கும்போது, தலைமுடி உலர்த்தும் ட்ரையர் ஒன்று கையில் அகப்பட்டது. நாகவள்ளி வழக்கப்படி அதைத் திருப்பிப் பிடியில் இருந்த சிறு எழுத்தைப் படித்தாள். நூற்று இருபது வோல்ட். 'முதல்' என்றோ 'வரை' என்றோ எதுவும் இல்லை. மொட்டையாக நூற்று இருபது.

"ரீம், இது அமெரிக்காவுக்கு உள்ள சாமான். இங்க போட்டா எரிஞ்சுடும்," என்றாள். வீட்டில் எல்லோரும் பேசுவது அரபியும் இந்தியும் கலந்த ஒரு பாஷை. அவளும் அதில்தான் சொன்னாள்.

"அடாப்டர் இருக்கே."

"அடாப்டர் காலைத்தான் மாத்தும். கரண்டை மாத்தாது. உள்ள வர்றது இருநூத்தி முப்பதுதான்."

ரீம் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ என்ன இன்ஜினியரா?"

நாகவள்ளி ட்ரையரை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, படகு சவாரிக்குப் புறப்படுகிற காலையில், அடுப்படியில் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தவளின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. எரிந்த காயில். ஓடிப் போவதற்குள் விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாம் ஒருசேர அணைந்தன. ரீம் அறையின் நடுவில் ஈரத் தலையோடு நின்றாள். ட்ரையர் தரையில் கிடந்தது. அந்த ஒல்லிக் கால் அடாப்டர் சுவரிலேயே உருகி ஒட்டியிருந்தது. நாகவள்ளி பத்தடி தள்ளியிருந்த மின்பெட்டியைத் தேடி, விழுந்திருந்த சுவிட்ச் எது என்று பார்த்து, மர ஸ்பூனால் அடாப்டரைப் பிடுங்கி எடுத்தாள். சுவர் சாக்கெட் கருத்திருந்தது.

"நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன், நீ போ," என்றாள் ரீம். ட்ரையரை ஒரு பையில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கட்டிலை இழுத்து அந்தச் சாக்கெட்டை மறைத்தாள். நாகவள்ளி மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காபியைக் கவனிக்கப் போனாள். சொல்லிக்கொள்கிறேன் என்றவள் சொல்லவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் எல்லோரும் புஜைரா திரும்பியபிறகு அந்தக் கட்டடக்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையான கடிதம்தான். கட்டிலுக்குப் பின்னால் சாக்கெட் கருகியிருக்கிறது, காப்பீட்டுக்காரருக்குக் காட்ட வேண்டும், எப்படி நடந்தது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள் என்று கேட்டு, கூடவே ஒரு படமும் வைத்திருந்தார்.

புதன்கிழமை மத்தியானம் உம்மு ஹானி நாகவள்ளியைக் கூடத்துக்குக் கூப்பிட்டாள். சோஃபாவில் போன் கிடந்தது, அதில் கருகிய சாக்கெட்டின் படம். ரீம் மாடிப்படியில் உட்கார்ந்து நகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ அயர்ன் போட்டு எரிச்சியாமே. ரீம் சொல்றா."

"நான் எரிக்கல, மேடம்."

"யாரும் உன்னை ஒண்ணும் செய்யப் போறதில்ல. தெரியாம செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு. கலாஸ், முடிஞ்சது."

"தெரியாமயும் செய்யல, தெரிஞ்சும் செய்யல. செய்யவே இல்ல."

"அப்போ என் பொண்ணு பொய் சொல்றாளா?"

நாகவள்ளி மாடிப்படியைப் பார்த்தாள். ரீம் நிமிரவில்லை. "அதை அவங்ககிட்டத்தான் கேக்கணும், மேடம்."

உம்மு ஹானி கெட்டவள் அல்ல. நாகவள்ளிக்குக் காய்ச்சல் வந்தால் கூடவே டாக்டரிடம் போகிறவள். ஆனால் தன் வீட்டுக் கூடத்தில் யாரும் இப்படி எதிர்த்து நின்று அவள் பார்த்ததில்லை. முகம் சிவந்துவிட்டது. "செஞ்சதை ஒத்துக்கற வரைக்கும் இந்த வீட்டுல ஒரு பிளக்கையும் நீ தொடக்கூடாது. புரிஞ்சுதா?"

"சரி, மேடம்," என்றாள் நாகவள்ளி.

அன்று சாயங்காலம் வேலுச்சாமி போனில் கிடைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏம்புள்ள, சாரின்னு ஒரு சொல்லு சொல்லீட்டுப் போறதுக்கென்ன? உன்ற சொத்தா குறைஞ்சு போவுது?" என்றார்.

"ஏனுங்க, ஒம்பது வருசம் மோட்டாரு கட்டுனவ நானு. கரண்டு தெரியாம எரிச்சுப்போட்டேன்னு என்ற வாயாலயே சொல்லோணுமா?"

"அவிங்களுக்கு நீ மோட்டாரு கட்டுனது தெரியுமா?"

"தெரியாட்டிப் போவட்டும். எனக்குத் தெரியுமல்ல."

வேலுச்சாமி பெருமூச்சு விட்டார். அவளை இருபது வருஷமாகத் தெரியும் அவருக்கு. "சரி, ஒடம்பப் பாத்துக்க," என்று வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நாகவள்ளி வழக்கம்போல எழுந்தாள். வேலையை அவள் நிறுத்தவில்லை. பிளக்கை மட்டும் நிறுத்தினாள். வாக்குவம் கிளீனரை எடுக்காமல், கையால் துடைக்கும் பிரஷ்ஷை வைத்து ஏழு அறைக் கம்பளத்தையும் மண்டியிட்டுத் துடைத்தாள். காபிக்கொட்டையைப் பித்தளை உரலில் இடித்து, காஸ் அடுப்பில் கஹ்வா போட்டாள். வாஷிங் மெஷினின் பிளக் கழற்றியே கிடந்தது. குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி நாற்பது துணியைக் கையால் துவைத்துப் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போட்டாள். வெயில் அரை மணியில் எல்லாவற்றையும் விறைத்த பலகையாகக் காய வைத்தது. மடித்து அலமாரியில் அடுக்கினாள். அயர்ன் பாக்ஸ் அதன் மேடையில் குளிர்ந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்பட்ட மக்தூம் அலமாரியைத் திறந்தார். உம்மு ஹானியின் கணவர். துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் பக்கம் பெரிய பொறுப்பில் இருப்பவர், வீட்டில் அதிகம் பேசாதவர். மடிப்புக் கலையாத வெள்ளைக் கந்தூரா அங்கி தவிர வேறு எதையும் உடுத்தி அவரை யாரும் பார்த்ததில்லை. அன்று கிடைத்ததெல்லாம் கசக்கிய காகிதம்போல இருந்தன. இருப்பதில் சுருக்கம் குறைந்ததை மாட்டிக்கொண்டு போனார்.

ஐயப்பன்தான் மிச்சத் துணியில் அவசரமான நாலைந்தை லாண்டிரிக்கு எடுத்துப் போனார். போகும் வழியில் அடுப்படிக் கதவருகே நின்றார். "தங்கச்சி, கஃபீல்கிட்ட, விசா குடுத்த முதலாளிகிட்ட, வீம்பு கூடாது. டிக்கெட் எடுத்து ஏத்தி விட்டுட்டா என்ன செய்வே?"

"ஏத்தி விடட்டுங்ணா. ஏறிக்கறேன்."

"கை எப்படிச் சிவந்து கெடக்கு பாரு."

நாகவள்ளி கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை. அருணாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. படுத்தால் அதுதான் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் சொல்வதாக இல்லை.

சனிக்கிழமை மக்தூமின் அக்காமார்கள் இரண்டு பேர் விருந்துக்கு வந்தார்கள். பேரீச்சம்பழம், கஹ்வா, லுகைமாத் என்ற இனிப்பு உருண்டை எல்லாம் குறையில்லாமல் வந்தன. பொரித்ததும் இடித்ததும் நாகவள்ளியின் கைதான். கடைசியில் சாம்பிராணிபோல் பகூர் போட வேண்டும். அந்த வீட்டில் மின்சாரத் தூபக்கால். உம்மு ஹானி பேச்சு வாக்கில், "நாகவல்லி, அந்தத் தூபக்காலைப் போடு," என்றாள்.

நாகவள்ளி பகூர்ச் சில்லுகளைத் தட்டில் வைத்தாள், தூபக்காலை விருந்தாளிகளுக்கு நடுவில் வைத்தாள், வயரை நீட்டிச் சாக்கெட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து நின்றாள்.

"ம், போடு."

"பிளக்கைத் தொடக்கூடாதுன்னு நீங்க சொல்லியிருக்கீங்க, மேடம்."

பெரிய அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். உம்மு ஹானி தானே எழுந்து, அபாயா தரையில் புரளக் குனிந்து பிளக்கைச் சொருகினாள்.

விருந்தாளிகளின் கார் வாசலைத் தாண்டியதும் உம்மு ஹானி அடுப்படிக்கு வந்தாள். "என் விருந்தாளிங்க முன்னால என்னைக் குனிய வெச்சுட்டே. உன்னை ஊருக்கே அனுப்பிடறேன்."

"அனுப்புங்க, மேடம். ஆனா அந்தக் கட்டடக்காரருக்குப் போற காகிதத்துல நான் எரிச்சேன்னு எழுதாதீங்க."

உம்மு ஹானி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். தொட்டித் தண்ணீரில் ஊறி வெடித்திருந்த நாகவள்ளியின் விரல்கள் அப்போதுதான் கண்ணில் பட்டன. திரும்பிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மக்தூமுக்கு விடுமுறை. பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்து, கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நாகவள்ளியைக் கூப்பிட்டார். உம்மு ஹானியும் ரீமும் அங்கேயே இருந்தார்கள்.

"அந்தக் கட்டடக்காரருக்குப் பதில் போடணும். மேடம் சொன்னபடி எழுதியிருக்கேன். கேளு." ஆங்கிலத்தில் எழுதியதைச் சொல்லிக் காட்டினார். 'மின்சாரம் பற்றி அறியாத எங்கள் பணிப்பெண்ணின் தவறால்' என்று ஒரு வரி வந்தது.

"அந்த வரியை எடுத்துடுங்க, சார்."

"ஏன்?"

"ரெண்டு பொய் இருக்கு அதுல. நான் செய்யல, அது ஒண்ணு. எனக்கு மின்சாரம் தெரியும், அது ரெண்டு."

மக்தூம் கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கு மின்சாரம் எப்படித் தெரியும்?"

அவள் சொன்னாள். பட்டறை, காயில், வார்னிஷ், எரிந்த மோட்டார்கள். அரபியில் வார்த்தை கிடைக்காத இடத்தில், மேசைமேல் இருந்த டிஷ்யூப் பெட்டியை ஸ்டேட்டராக வைத்துக்கொண்டு விரலால் கம்பி இறக்கிக் காட்டினாள். அவர் குறுக்கே பேசவில்லை. எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் பம்ப் மோட்டார்களோடு வாழ்கிறவர். அவள் கை போகிற போக்கு அவருக்குப் புரிந்தது.

"நாலு வருஷமா இங்க இருக்கே. ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல, சார்."

"அப்போ அது எப்படி எரிஞ்சுது, சொல்லு."

"நூத்தி இருபது தாங்கற சாமானுக்கு இருநூத்தி முப்பது குடுத்தா அது கிட்டத்தட்ட நாலு மடங்கு பவர் இழுக்கும். அடாப்டர் மலிவுச் சாமான், தாங்காது. அதுதான் எரிஞ்சுது. என் அயர்ன் பாக்ஸ் இந்த வீட்டு அயர்ன் பாக்ஸ். இருநூத்தி முப்பதுக்குச் செஞ்சது. அது எப்படி எரிக்கும்? நீங்களே சொல்லுங்க." யாருடைய சாமான் என்று அவள் சொல்லவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்தவள் ஒருத்திதான்.

மக்தூம் மகள் பக்கம் திரும்பினார். "அங்கிருந்து கொண்டுவந்தது என்னென்ன இருக்கு? எடுத்துட்டு வா."

ரீம் மாடிக்குப் போய், முடி சுருட்டும் கோல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். மக்தூம் ஜன்னல் பக்கம் திருப்பி அதன் பிடியைப் படித்தார். நூற்று இருபது.

"இதே மாதிரி இன்னொண்ணு இருந்துதா?"

ரீம் தாயைப் பார்த்தாள். உம்மு ஹானி கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருந்துச்சு, பாபா," என்றாள் ரீம். "அங்கயே குப்பையில போட்டுட்டேன்."

மக்தூம் மகளைத் திட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். 'வேறு நாட்டு மின்கருவியைப் பயன்படுத்திய எங்கள் குடும்பத்தின் தவறால்' என்று அடித்து, நாகவள்ளிக்குத் திரையைத் திருப்பிக் காட்டி, பொருளையும் சொன்னார். அவள் தலையசைத்தபிறகுதான் அனுப்பினார்.

"கலாஸ். இனி போய் அயர்ன் போடு. நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு."

நாகவள்ளி நகரவில்லை. "தொடக்கூடாதுன்னு சொன்னது மேடம், சார். தொடுன்னும் அவங்கதான் சொல்லணும்."

உம்மு ஹானி நிமிர்ந்தாள். தன் வீட்டில், தன் புருஷன் முன்னால், தான் போட்ட கட்டளையைத் தானே திரும்ப எடுக்க வேண்டும். எழுந்தாள், படியேறப் போகிறவள்போல இரண்டு எட்டு வைத்தாள், நின்றாள்.

"தொடு," என்றாள், முகத்தைத் திருப்பாமலே. "எல்லாத்தையும் தொடு."

"சரி, மேடம்."

அன்று இரவுக்குள் பதினோரு கந்தூரா தேய்த்தாள். நீராவி புஸ்ஸென்று ஏறும்போது வெடித்த விரல்களில் சுருக்கென்று எரிந்தது. நிறுத்தவில்லை.

உம்மு ஹானி மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு மாதம்வரை வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சும் பேசவில்லை. நாகவள்ளியும் வலியப் போய்ப் பேசவில்லை. ஐயப்பன் மட்டும் காரில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டுல ஒரு கோயம்புத்தூர்ப் பொம்பளை இருக்கு," என்று ஆரம்பித்து முழுக் கதையும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லும்போது விருந்தாளிகள் இரண்டு பேர் என்பது ஆறு பேராகியிருந்தது.

ரீம் அமெரிக்காவுக்குத் திரும்புகிற நாளில், பெட்டிகள் காரில் ஏறியபிறகு, அடுப்படிக்கு வந்து கதவோரம் நின்றாள்.

"அன்னைக்கு இன்டர்லாகன்ல நீ சொன்னது எனக்குக் காதுல விழுந்துச்சு. சும்மாதான் கேக்காத மாதிரி இருந்தேன்."

"தெரியும்," என்றாள் நாகவள்ளி. பாத்திரம் துலக்குவதை நிறுத்தி, வழியில் சாப்பிடக் கட்டி வைத்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். ரீம் வாங்கிக்கொண்டு போனாள்.

டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று உம்மு ஹானியே அடுப்படிக்கு வந்து கேட்டாள். நாகவள்ளி யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். முதலில் இரண்டு மாசம் லீவு. திரும்பி வந்தால் வாரம் ஒரு நாள் முழுசாகத் தன்னுடையது, அந்த நாளில் யாரும் கூப்பிடக்கூடாது. ஒப்பந்தத் தாளில் அனுபவம் என்ற இடத்தில், காயில் சுற்றியதை 'மோட்டார் வைண்டிங் ஒன்பது வருஷம்' என்று எழுத வேண்டும்.

"வீட்டுவேலைத் தாளுல அது எதுக்கு?"

"இருக்கட்டும், மேடம். நான் செஞ்ச வேலை."

உம்மு ஹானி, ஒப்பந்தத் தாளை டைப் அடிக்கிற இடத்தில் சரியாகச் சொல்ல வேண்டும் என்று, 'வைண்டிங்' என்ற சொல்லை இரண்டு தரம் அவளிடமே கேட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.